நீர்த்தெள்ளின் குடலில் குடியிருப்பது யார்? மேசை நுண்ணோக்கி முதல் ஆய்வகம் வரை ஒரு முழு வழிகாட்டி

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதற்குள் ஒரு நீர்த்தெள்ளு. நாற்பது மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் தலையில் ஒற்றைக் கறுப்புக் கண் தெரியும். முதுகுப் பக்கம் படபடவென்று இதயம் அடிக்கும். நடுவில் வாயிலிருந்து வால்பக்கம் வரை ஒரு பச்சைக் கோடு வளைந்து ஓடும். அந்தப் பச்சைக் கோடுதான் குடல். உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் தின்ற பாசி அப்படியே வெளியே தெரிகிறது.

மீன் வளர்ப்பவர்கள் டாஃப்னியா என்று சொல்லும் இந்தப் பிராணி இறால், நண்டு வகையறா. அதன் குடலை நசுக்கி டிஎன்ஏ எடுத்து வாசித்தால் ஏராளமான பாக்டீரியாப் பெயர்கள் கொண்ட நீண்ட பட்டியல் வரும். பட்டியல் வந்தாயிற்று, வேலை முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் பல மாணவர்களின் புராஜெக்ட் தடம் மாறுகிறது. ஏனென்றால் நீர்த்தெள்ளு தண்ணீரை வடிகட்டித் தின்கிறது. மிதக்கும் பாசியோடு மிதக்கும் பாக்டீரியாவும் அதன் வாய்க்குள் போகிறது. அப்படியானால் அந்தப் பட்டியலில் குடித்தனக்காரர் எத்தனை பேர், சத்திரத்தில் ஒரு வேளை தங்கிவிட்டுப் போகிறவர் எத்தனை பேர்? கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டு பேரையும் பிரிப்பதற்காகத்தான்.

முதல் பாதியை வீட்டிலேயே செய்யலாம். பின் பாதிக்குக் கல்லூரி ஆய்வகம் வேண்டும்.

முன்கதை, சுருக்கமாக

1884இல் ரஷ்ய விலங்கியலாளர் இல்யா மெச்னிகாஃப் நீர்த்தெள்ளின் உடம்புக்குள் ஊசி மாதிரியான ஈஸ்ட் வித்துகள் குடல் சுவரைக் குத்திக்கொண்டு நுழைவதையும், ரத்த அணுக்கள் ஓடிவந்து அவற்றைச் சூழ்ந்து விழுங்குவதையும் பார்த்து எழுதினார். நோய் எதிர்ப்பு அறிவியலின் ஆரம்பப் பக்கங்களில் ஒன்று அது. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கண்ணாடி போன்ற உடம்பு அவருக்கு எவ்வளவு உதவியதோ அவ்வளவு நமக்கும் உதவும்.

குடல் பாக்டீரியா பற்றிய தெளிவான பதில்கள் கடந்த பதினைந்து ஆண்டுகளில்தான் வந்தன. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸில் 2011இல் வெளியான ஆய்வு, டாஃப்னியா மாக்னாவின் குடலில் லிம்னோஹாபிடான்ஸ் என்ற பாக்டீரியாப் பேரினம் மேலோங்கி இருப்பதைக் காட்டியது. ஏரி, குளம், நீர்த்தேக்கம் எங்கும் மிதந்து வாழும் சாதாரண நன்னீர்ப் பாக்டீரியா அது. அந்தப் பேரினத்துக்கு முறைப்படி பெயர் வைத்ததே 2010இல்தான். அடுத்து 2015இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் குழு, பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த நீர்த்தெள்ளுகள் உடல் சிறுத்து, குறைவாகக் குஞ்சு பொரித்து, அதிகமாகச் செத்துப்போவதைக் காட்டியது. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகக் குழு ஒரு படி மேலே போய், பாக்டீரியா நீக்கிய டாஃப்னியாவுக்கு லிம்னோஹாபிடான்ஸை மட்டும் திருப்பிக் கொடுத்தது. குஞ்சுகளின் எண்ணிக்கை ஏறியது.

ஆக, குடித்தனக்காரர் இருப்பது உறுதி. உங்கள் குடுவையில் இருப்பவர் யார் என்பதை இனி நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 1: எந்தப் பிராணி

ஐரோப்பிய ஆய்வுகளில் வருவது பெரும்பாலும் டாஃப்னியா மாக்னா. ஐந்து மில்லிமீட்டர் வரை வளரும், கையாளச் சுலபம். ஆனால் அது குளிர்ந்த நீருக்குப் பழகியது. 20 டிகிரியில் சுகமாக இருக்கும். சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் அதை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய நினைக்காதீர்கள். நம் ஊர் நீர்நிலைகளில் வெப்பம் தாங்கும் டாஃப்னியா கேரினேட்டா போன்றவையும், இன்னும் சின்னதான மொய்னாவும் கிடைக்கின்றன. கொளத்தூர் வண்ணமீன் கடைப்பக்கம் உயிருள்ள மீன் தீனி கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது மொய்னாதான்.

பார்த்துப் பழகவும் கல்ச்சர் வளர்க்கவும் மொய்னா போதும். நாலைந்து நாளில் குஞ்சு பொரிக்கும், வெயிலைத் தாங்கும். ஆனால் பாக்டீரியா நீக்கும் படிக்கு அது உதவாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஒரு மாதம் மிச்சம். டாஃப்னியாவின் முட்டையில் கருவுக்கு வேண்டிய சத்து முழுவதும் உள்ளேயே இருக்கிறது. தாயின் முதுகுப்பையிலிருந்து எடுத்து வெறும் தண்ணீரில் போட்டாலும் அது வளரும். மொய்னாவின் முட்டை அப்படியில்லை. பைக்குள் தாய் சுரக்கும் சத்து நீரைக் குடித்துத்தான் கரு பெரிதாகிறது. வெளியே எடுத்தால் அதோடு சரி.

எந்த இனமானாலும் ஒரே ஒரு தாயிலிருந்து தொடங்குங்கள். நல்ல சூழலில் இவை ஆண் துணை இல்லாமல் கன்னி இனப்பெருக்கம் செய்யும். ஒரு தாயின் வம்சம் முழுக்க ஒரே மரபணு நகல். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில் நீர்த்தெள்ளின் மரபணு வகை மாறினால் குடல் பாக்டீரியாக் கூட்டமும் மாறுவது தெரிந்தது. கடையில் வாங்கிய கலவையை அப்படியே சோதனையில் போட்டால், வித்தியாசம் பாக்டீரியாவால் வந்ததா பரம்பரையால் வந்ததா என்று கடைசிவரை தெரியாது.

படி 2: தண்ணீரும் தீனியும்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்து வைத்துக் காற்றோட்டம் கொடுங்கள், அல்லது மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியை விடுங்கள். செம்புப் பாத்திரம் கூடவே கூடாது. நமக்கு நல்லது என்று நாம் நினைக்கும் செம்பு நீர்த்தெள்ளுக்கு மிகக் குறைந்த அளவிலேயே விஷம்.

வீட்டு கல்ச்சருக்கு அது போதும். சோதனைக்கு வரும்போது தண்ணீரைத் தயாரித்துக்கொள்வது நல்லது. ஐஎஸ்ஓ 6341 தரநிலை சொல்லும் கலவை எளிமையானது. ஒரு லிட்டர் வாலை வடிநீருக்கு கால்சியம் குளோரைடு (இரண்டு நீர் மூலக்கூறு கொண்ட வகை) 294 மில்லிகிராம், மக்னீசியம் சல்பேட் (எப்சம் உப்பு) 123.25 மில்லிகிராம், சோடியம் பைகார்பனேட் 64.75 மில்லிகிராம், பொட்டாசியம் குளோரைடு 5.75 மில்லிகிராம். ஆனால் இது குறுகிய காலச் சோதனைக்கான தண்ணீர். வாரக்கணக்கில் வளர்க்க வேண்டுமானால் செலினியம் உள்ளிட்ட நுண் சத்துகள் சேர்ந்த எம்4 போன்ற கலவைக்குப் போய்விடுங்கள். செலினியம் இல்லாமல் வளரும் டாஃப்னியா தானாகவே நலிந்துபோகும். அதைப் பாக்டீரியா இல்லாததால் வந்த நலிவு என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு.

தீனிக்கு குளோரெல்லா அல்லது சீனடெஸ்மஸ் பாசி. ஓஇசிடி 211 என்ற சர்வதேசச் சோதனை முறை சொல்லும் அளவு, வளர்ந்த டாஃப்னியா மாக்னா ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் கார்பன் வரும்படியான பாசி. வீட்டில் இதை அளக்க முடியாது. தண்ணீர் லேசான இளம்பச்சையாக இருந்து மறுநாள் தெளிந்துவிட்டால் அளவு சரி. தெளியவே இல்லையென்றால் குறையுங்கள். ஈஸ்ட் கரைத்து ஊற்றும் பழக்கம் மீன் வளர்ப்பவர்களிடம் உண்டு. இந்த வேலைக்கு அது வேண்டாம். தண்ணீர் கெட்டு, வழிப்போக்கர் கூட்டம் பெருகிவிடும்.

ஒரு சின்ன விஷயம்: பொடிக்குமிழி விடும் ஏர் ஸ்டோன் வைக்காதீர்கள். குமிழி ஓட்டுக்குள் மாட்டிக்கொண்டால் நீர்த்தெள்ளு மேலே மிதந்து அப்படியே செத்துப்போகும்.

படி 3: முதலில் கண்ணால் பாருங்கள்

அவசரப்பட்டு குடலை அறுக்க வேண்டாம். ஒரு வாரம் வெறுமனே பாருங்கள். குழிவுள்ள தகடு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சாதாரணத் தகட்டில் இரண்டு மூன்று பஞ்சு இழைகளைப் போட்டு, அவற்றுக்கு நடுவே சொட்டை வைத்தால் பிராணி ஓடாமல் நிற்கும்.

ஆரோக்கியமான தாயின் முதுகுப்பையில் முட்டைகளோ, கண் தெரியும் கருக்களோ இருக்கும். 20 டிகிரியில் ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு ஈடு குஞ்சு வெளியே வரும்.

இப்போது கெட்டவர்களையும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். உள்ளே வாழும் பாக்டீரியா எல்லாம் நண்பர்கள் இல்லை. வழக்கத்துக்கு மாறாகப் பெருத்த உடம்பு, ஆனால் முதுகுப்பை வாரக்கணக்கில் காலி, உடம்பு தெளிவிழந்து மங்கலாகத் தெரிகிறது என்றால் பாஸ்டூரியா ராமோசா மீது சந்தேகப்படுங்கள். 1888இல் இதை விவரித்தவரும் மெச்னிகாஃப்தான். இந்தப் பாக்டீரியா தாயை மலடாக்கிவிட்டு, இனப்பெருக்கத்துக்குப் போகவேண்டிய சத்தைத் தான் எடுத்துக்கொள்கிறது. பிராணி செத்த பிறகு அதன் வித்துகள் சேற்றில் இறங்கி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

உடம்பு சிவந்திருந்தால் நிதானமாக யோசியுங்கள். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் டாஃப்னியா அதிக ஹீமோகுளோபின் உண்டாக்கி இளஞ்சிவப்பாகும். அது நோய் இல்லை. காற்றோட்டமான தண்ணீருக்கு மாற்றினால் சில நாளில் வெளுத்துவிடும். ஆனால் ஸ்பைரோபேசில்லஸ் சியன்கோவ்ஸ்கி என்ற பாக்டீரியா புகுந்தாலும் உடம்பு குங்குமச் சிவப்பாகும். தண்ணீர் மாற்றியும் சிவப்பு அடர்ந்துகொண்டே போனால், அல்லது ஒரே குடுவையில் ஒன்றிரண்டு மட்டும் சிவந்து மற்றவை தெளிவாக இருந்தால், அவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள். அவை உங்கள் சோதனைக்கு ஆகாது.

படி 4: வழிப்போக்கர்களை வெளியேற்றுதல்

இங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது. தீனி நிறையக் கிடைக்கும்போது டாஃப்னியாவின் குடலில் நுழைந்தது வெளியே வர ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் உள்ளே இருப்பதைத் தள்ளுவதற்குப் பின்னாலிருந்து புதுத் தீனி வரவேண்டும். சுத்தமான தண்ணீரில் விட்டுவிட்டால் கடைசியாகத் தின்றது பாதி வழியில் தங்கிவிடும். அதனால் இப்படிச் செய்யுங்கள்.

பத்துப் பதினைந்து வளர்ந்த பிராணிகளை எடுத்து, 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்த தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். மேலே ஒட்டியது போய்விடும். பிறகு வடித்த தண்ணீரில் பாக்டீரியா இல்லாத தீனி கொஞ்சம் கொடுங்கள். கொதிக்க வைத்து ஆறிய பாசி போதும். ஒரு மணி நேரம் கழித்து வேறு குடுவைக்கு மாற்றி மறுபடி அதே தீனி. இப்படி மூன்று நான்கு தடவை. கடைசியில் இரண்டு மணி நேரம் தீனி இல்லாமல் வைத்துவிட்டு எடுங்கள். மாற்றாமல் ஒரே குடுவையில் விட்டால், வெளியே தள்ளிய கழிவையே திரும்ப வடிகட்டித் தின்னும். அது நம் உழைப்பை வீணாக்கும் நல்ல வழி.

இதே நேரத்தில், அலசாத பத்துப் பிராணிகளையும், வளர்ப்புக் குடுவைத் தண்ணீரில் கொஞ்சத்தையும், தீனிப் பாசியில் கொஞ்சத்தையும் தனித்தனியே எடுத்து வையுங்கள். ஆக நான்கு மாதிரிகள்: குடுவைத் தண்ணீர், தீனி, தின்ற வயிறு, காலி வயிறு. முதல் இரண்டில் மிகுந்திருந்து காலி வயிற்றில் காணாமல் போவது வழிப்போக்கர். காலி வயிற்றில் விகிதம் ஏறுவது குடித்தனக்காரராக இருக்க வாய்ப்புள்ளது. வாய்ப்புதான், தீர்ப்பு இன்னும் வரவில்லை.

படி 5: குடலை எடுப்பது

குளிர வைத்த தகட்டில் பிராணியைப் பக்கவாட்டில் கிடத்துங்கள். ஒரு கூரிய இடுக்கியால் தலைக்குக் கீழே பிடித்து, இன்னொன்றால் வால் நுனிப் பக்கம் மெல்ல இழுத்தால் குடல் நூல் மாதிரி முழுதாக வரும். முதல் இருபது தடவை அறுந்துபோகும். எல்லோருக்கும் அப்படித்தான். கை பழகும் வரை சாதாரணப் பிராணிகளில் பயிற்சி செய்யுங்கள்.

குடலில் மூன்று பகுதிகள் உண்டு. முன்குடலும் பின்குடலும் கைட்டின் (மேல் ஓட்டில் இருக்கும் அதே பொருள்) பூச்சு கொண்டவை. ஒவ்வொரு முறை தோல் உரிக்கும்போதும் அந்தப் பூச்சும் சேர்ந்து உரிந்துபோகும். நடுக்குடலுக்கு அந்தப் பூச்சு இல்லை. தோல் உரித்த பிறகும் தாக்குப்பிடித்து நிற்பதைக் குடியிருப்பு என்று சொல்லலாம். ஆகவே எந்த நாளில் தோல் உரித்தது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். குடுவை அடியில் கிடக்கும் வெற்றுத் தோல்தான் சாட்சி.

படி 6: பெயர் கண்டுபிடித்தல்

இரண்டு வழிகள். ஒன்று, அகார் என்னும் கூழ் பரப்பிய தட்டில் வளர்ப்பது. லிம்னோஹாபிடான்ஸ் சத்துக் குறைந்த ஊடகத்தை விரும்பும். கல்லூரியில் எப்போதும் இருக்கும் நியூட்ரியன்ட் அகாரில் போட்டால் வேறு எதாவது வேகமாக வளர்ந்து தட்டை மூடிவிடும். ஆர்2ஏ போன்ற மெலிந்த ஊடகத்தில் போட்டு, ஒன்றிரண்டு வாரம் பொறுமையாகப் பாருங்கள். புள்ளி புள்ளியாகச் சின்னக் காலனிகள், அதாவது பாக்டீரியாத் திட்டுகள், வரும். மறுநாளே பெரிதாக வந்தது நீங்கள் தேடுவதாக இருக்காது.

இரண்டாவது, டிஎன்ஏ. 16எஸ் ரைபோசோம் மரபணு ஏறக்குறைய 1,500 எழுத்து நீளம் கொண்டது. பாக்டீரியாக்களுக்கு அதுதான் அடையாள அட்டை. இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன.

ஒன்று பச்சைப் பொறி. பாசியின் பசுங்கணிகமும் ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்ததுதான். அதற்கும் அதே 16எஸ் மரபணு உண்டு. பொதுவான பிரைமர் (எந்த மரபணுவை நகலெடுப்பது என்று காட்டும் சின்ன டிஎன்ஏ துண்டு) போட்டால் தின்ற பாசியின் பசுங்கணிகமும் சேர்ந்து பெருகிவிடும். எனக்கு முதலில் வந்த முடிவுக் கோப்பில் பெரும்பகுதி இதுதான். குளோரெல்லா பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன், குடல் பற்றி ஒன்றும் தெரியவில்லை. பசுங்கணிகத்தைத் தவிர்க்கும் 799எஃப் போன்ற பிரைமரைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று வெற்றுக் குழாய்ப் பொறி. ஒரு குடலில் இருக்கும் டிஎன்ஏ மிகக் கொஞ்சம். டிஎன்ஏ பிரிக்கும் கிட்டுக்குள்ளேயே ஒட்டியிருக்கும் பாக்டீரியா டிஎன்ஏ அதை மிஞ்சிவிடலாம். ஒவ்வொரு தொகுதியிலும் எதுவும் போடாத ஒரு வெற்றுக் குழாயையும் எல்லாப் படிகளிலும் கூட்டிச் செல்லுங்கள். வெற்றுக் குழாயில் தலைகாட்டும் பெயரை மாதிரிகளிலும் சந்தேகக் கண்ணோடு பாருங்கள்.

படி 7: வீட்டைக் காலி செய்தல்

பட்டியல் எவ்வளவு நீளமாக வந்தாலும், அந்தப் பாக்டீரியா இல்லாவிட்டால் பிராணிக்கு என்ன ஆகிறது என்று பார்க்காமல் உறவு பற்றி எதுவும் சொல்ல முடியாது. அதற்குப் பாக்டீரியா இல்லாத நீர்த்தெள்ளு வேண்டும்.

பலருக்கு முதலில் தோன்றுவது ஆன்டிபயாடிக். மீன் கடைப் பொடியைக் கரைத்து ஊற்றிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. எல்லாப் பாக்டீரியாவும் சாகாது. மருந்தே பிராணியைப் பாதிக்கலாம். மிச்சத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால் மருந்துக்கு அசையாத பாக்டீரியாவை ஊருக்கு வளர்த்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

நல்ல வழி, முட்டையிலிருந்து தொடங்குவது. டாஃப்னியாவின் பாக்டீரியா முட்டைக்குள் இருப்பதில்லை. குஞ்சு அதைத் தண்ணீரிலிருந்தும் தாயைச் சுற்றியுள்ள சூழலிலிருந்தும்தான் பெறுகிறது. முட்டையின் மேற்பரப்பை மட்டும் சுத்தம் செய்தால் பாக்டீரியா இல்லாத குஞ்சு கிடைக்கிறது என்பதே இதற்குச் சான்று. பூச்சிகளிலும் மரவட்டை போல் உருளும் நிலவாழ் ஓட்டுடலிகளிலும் இருக்கும் வோல்பாக்கியா போன்ற பாக்டீரியாக்கள் முட்டைக்குள்ளேயே ஏறிப் போகும். அங்கே இந்த முறை பலிக்காது.

முட்டையிட்டு ஒரு நாளுக்குள் இருக்கும் தாயை எடுத்து, ஸ்டீரியோ நுண்ணோக்கியின் கீழ் முதுகுப்பையை மெல்லத் திறந்து முட்டைகளைக் கிருமி நீக்கிய தண்ணீருக்குள் தள்ளுங்கள். பிறகு மிக நீர்த்த குளுட்டரால்டிஹைட் கரைசலில் சில நிமிடம், உடனே கிருமி நீக்கிய தண்ணீரில் பல முறை அலசல். செறிவையும் நேரத்தையும் உங்கள் இனத்துக்கு ஏற்ப முன்சோதனை செய்து முடிவு செய்யுங்கள். குறைந்தால் பாக்டீரியா மிஞ்சும், கூடினால் கரு சாகும். குளுட்டரால்டிஹைட் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாத ரசாயனம். புகைக்கூண்டு (ரசாயன ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி), கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் இல்லாமல் தொட வேண்டாம். வீட்டில் செய்யக் கூடாத படி இது.

20 டிகிரியில் மூன்று நாளில் குஞ்சு நீந்தும். தீனிப் பாசியும் பாக்டீரியா இல்லாத கல்ச்சராக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் குளோரெல்லா அப்படி இருக்காது.

ஒரு முறை எனக்கு ஆறாம் நாள் சோதனைத் தட்டில் காலனிகள் முளைத்தன. தண்ணீர், பாசி, குடுவை எல்லாம் சுத்தம். கடைசியில் பார்த்தால், பக்கத்து மேசைச் சாதாரணக் கல்ச்சருக்குப் பயன்படுத்திய டிராப்பர் இங்கே வந்திருக்கிறது. அன்றிலிருந்து சுத்தமான குடுவைகளுக்குச் சிவப்பு நூல் கட்டிய டிராப்பர்தான்.

படி 8: ஐந்து வரிசைக் குடுவைகள்

முட்டை எடுத்ததே பிராணியை நலிய வைத்திருக்கலாம். ரசாயனம் நலிய வைத்திருக்கலாம். பாக்டீரியா வெறும் தீனியாக மட்டும் உதவியிருக்கலாம். இந்த மூன்றையும் ஒதுக்க ஐந்து குழுக்கள் வேண்டும்.

முதல் குழு, தாயிடமே பொரிந்த சாதாரணக் குஞ்சுகள். இரண்டாவது, முட்டையை வெளியே எடுத்து அலசி மட்டும் வளர்த்தவை. மூன்றாவது, சுத்தம் செய்து பாக்டீரியா இல்லாமல் வளர்த்தவை. நான்காவது, சுத்தம் செய்த பிறகு பாக்டீரியாவைத் திருப்பிக் கொடுத்தவை. ஆரோக்கியமான பிராணிகளின் குடலை நசுக்கிய நீரையோ, படி 6இல் நீங்கள் வளர்த்த ஒற்றைக் காலனியையோ கொடுக்கலாம். ஐந்தாவது, அதே பாக்டீரியாவைச் சூடேற்றிக் கொன்று கொடுத்தவை. இந்த ஐந்தாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு குடுவைக்கு ஒரு பிராணி. 50 முதல் 100 மில்லிலிட்டர் தண்ணீர், 16 மணி நேர வெளிச்சம். குழுவுக்குக் குறைந்தது பத்துக் குடுவை, முடிந்தால் இருபது. ஒரே குடுவையில் பத்துப் பிராணியைப் போட்டுவிட்டுப் பத்துத் தரவு என்று எண்ணக் கூடாது. அது ஒன்றுதான்.

21 நாள் ஓடட்டும். தினமும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஈடு எந்த நாள், ஒவ்வொரு ஈட்டிலும் எத்தனை குஞ்சு என்று எண்ணி, குஞ்சுகளை எடுத்துவிடுங்கள். கடைசியில் கண்ணின் மேல்விளிம்பிலிருந்து வால் முள்ளின் அடி வரை நீளம் அளங்கள். தீனி எல்லாக் குழுவுக்கும் துல்லியமாக ஒரே அளவு. தீனி அளவு மாறினாலே இந்த உறவின் பலம் மாறுகிறது என்பது டாஃப்னியா மாக்னாவில் ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

டாஃப்னியா மாக்னாவாக இருந்தால் ஓஇசிடி 211 ஓர் அளவுகோல் தருகிறது. எதுவும் செய்யாத குழுவில் சாவு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. உயிரோடு இருக்கும் தாய்க்குச் சராசரியாக 60 குஞ்சாவது வரவேண்டும். உங்கள் முதல் குழு இதை எட்டவில்லை என்றால் மற்றக் குழுக்களின் எண்களைப் பார்க்கவே வேண்டாம். தண்ணீரையோ தீனியையோ சரிசெய்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

படி 9: எண்களை வாசிப்பது

முதலும் இரண்டும் ஒத்துப்போனால் முட்டை எடுத்ததில் சேதம் இல்லை. மூன்றாவது விழுந்து நான்காவது எழுந்தால், குறை ரசாயனத்தால் வந்ததில்லை, பாக்டீரியா இல்லாததால் வந்தது. நான்காவதும் ஐந்தாவதும் சமமாக எழுந்தால் கொஞ்சம் ஏமாற்றம்தான்: நீங்கள் கொடுத்தது கூடுதல் தீனி. நான்காவது மட்டும் எழுந்தால் உயிரோடு இருக்கும் பாக்டீரியா ஏதோ வேலை செய்கிறது.

அந்த வேலை உள்ளே குடியிருந்து செய்ததா, தண்ணீரில் மிதந்தபடி செய்ததா? இதற்கு ஒரு கடைசிச் சோதனை. நான்காவது குழுவிலிருந்து சிலவற்றை எடுத்து, கிருமி நீக்கிய தண்ணீரில் விட்டு, தினமும் இரண்டு முறை தண்ணீர் மாற்றி, பாக்டீரியா இல்லாத பாசி மட்டும் கொடுங்கள். இரண்டு முறை தோல் உரித்த பிறகு குடலை எடுத்து ஆர்2ஏ தட்டில் தேயுங்கள். தண்ணீரில் ஒன்றுமில்லாமல் குடலில் மட்டும் அந்தக் காலனி வந்தால், வாடகைச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடலாம்.

நான்காவது குழுவுக்கு யாருடைய பாக்டீரியாவைக் கொடுக்கிறோம் என்பதிலும் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. மேலே சொன்ன லூவன் குழு, நச்சு நீலப்பச்சைப் பாசியான மைக்ரோசிஸ்டிஸைத் தாங்கப் பழகிய டாஃப்னியாவின் குடல் பாக்டீரியாவை, பாக்டீரியா இல்லாத வேறு டாஃப்னியாவுக்கு மாற்றியது. வாங்கிக்கொண்டவையும் நஞ்சைக் கூடுதலாகத் தாங்கின. நம் ஊர் ஏரிகளில் கோடையில் பச்சைப் பெயின்ட் கொட்டியது மாதிரி பாசி படர்வதைப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் புரியும்.

வேலை முடிந்த பிறகு, அப்புறம் ஒரு சேற்றுக் குடுவை

சோதனைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் ஊற்ற வேண்டும். வெளியூர் இனத்தையோ, நோய் கண்ட பிராணியையோ குளத்தில் விடாதீர்கள். பாஸ்டூரியா வித்து ஒருமுறை சேற்றில் சேர்ந்தால் எடுக்க வழியில்லை.

ஆய்வகம் கிடைக்காதவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. குளம் வற்றும் முன் நீர்த்தெள்ளுகள் கறுத்த கூடு ஒன்றுக்குள் உறங்கும் முட்டைகளை வைத்துவிட்டுச் சாகும். டாஃப்னியாவில் ஒரு கூட்டுக்கு இரண்டு முட்டை. சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் ஏரிச் சேற்றில் ஒரு கைப்பிடி எடுத்து வாருங்கள். ஒரு பங்கை வடித்த தண்ணீரில் அப்படியே ஊறவையுங்கள். இன்னொரு பங்கிலிருந்து கறுத்த கூடுகளை மட்டும் பொறுக்கி, பல முறை அலசி, வேறு குடுவையில் போடுங்கள். இரண்டையும் வெளிச்சமான, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பொரிந்தவுடன் இரண்டு குடுவைக்கும் ஒரே அளவு பாசி கொடுத்து, எந்தக் குடுவைக் குஞ்சு முதலில் முட்டை சுமக்கிறது என்று நாள் குறித்து வாருங்கள். சேற்றோடு பிறந்தது முந்துகிறதா, சேறு கழுவப்பட்டது முந்துகிறதா என்று பார்க்க ஒரு லென்ஸும் ஒரு குறிப்பேடும் போதும்.